செய்த வேலையைக் காப்பது

என் தாயார் இருந்த காலத்தில் இரவு படுக்கப் போவதற்குமுன் அடுக்களையில் ஒரு காரியத்தை மறவாமல் செய்வார். பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி மோரைவிட்டு உறை ஊற்றுவார். அத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். இன்னும் ஒரு கரண்டி மோரைச் சிறு கிண்ணத்தில் எடுத்து, தட்டைப் போட்டு மூடி, எட்டாத உயரத்தில் வைத்துவிடுவார். அதை யாரும் தொடக் கூடாது. அது மறுநாளைய உறைமோர். என்றைக்காவது அதுவும் கெட்டுப் போனால் என் கையில் ஒரு தம்ளரைக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவார். அந்த வீட்டு மோர் என்றோ ஒரு நாள் எங்கள் வீட்டிலிருந்து போன மோராகவே இருக்கும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தயிர் அன்று. கணிப்பொறியில் படங்களைத் திருத்துகிறவர்கள், செய்த வேலையை நடுவழியில் இழந்துவிடாமல் காத்துக்கொள்வது எப்படி என்பதே பொருள். குறிப்பாக, அந்த வேலையை நம்மைக் கேளாமலே இயந்திரம் அவ்வப்போது சேமித்து வைக்கும் ஏற்பாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அந்த ஏற்பாட்டின் அருமையை நான் நூலில் படித்து அறியவில்லை, நஷ்டப்பட்டு அறிந்தேன். ஆகவே அந்த நஷ்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய புகைப்படங்களைச் செப்பனிடுவதை நான் பொழுதுபோக்காகக் கொண்டேன். பூஞ்சணம் பிடித்த படம், கரையான் அரித்த படம், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்த படம் ஆகியவற்றைத் தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஸ்கேனரில் வைத்துக் கணிப்பொறிக்குள் ஏற்றிக்கொண்டு, கறையை நீக்கி, கிழிசலை மூடி, மங்கிய முகத்துக்குத் தெளிவு தருவேன். காசுக்காகச் செய்வதில்லை. திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியே எனக்குப் போதுமான கூலி.

ஒரு நாள் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மாள் கைக்குட்டையில் பொதிந்த ஒரு படத்தை எடுத்து வந்தார். அவருடைய பெற்றோரின் கலியாணப் படம். அவரைப் பெற்றெடுத்த சில மாதங்களிலேயே தாயார் காலமாகிவிட்டாராம். அந்தத் தாயாருக்கு உலகில் எஞ்சியிருந்த உருவம் அந்த ஒரே படத்தில்தான். படத்தின் குறுக்கே ஓடிய மடிப்பு, மணப்பெண்ணின் இடக் கண்ணையும் கன்னத்தையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. “அண்ணா, அம்மா எப்படி இருந்தாள் என்பதை ஒரு தரமாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும்” என்றார் அவர்.

மூன்று நாள் மாலையும் இரவும் அந்தப் படத்தோடு இருந்தேன். முதல் இரண்டு நாள்களில் பின்புறத்துத் திரைச்சீலையும் மாலையும் புடவைக் கரையும் சரியாயின. மூன்றாம் நாள் கண்ணுக்கு வந்தேன். இழந்துபோன கண்ணை எங்கிருந்து எடுப்பது? வலக் கண்ணிலிருந்து சிறிது, இமையின் நிழலிலிருந்து சிறிது, அந்த அம்மாளின் சொந்த முகத்தைப் பார்த்து ஊகித்தது சிறிது. இப்படி மயிரிழை மயிரிழையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். இரவு எட்டு மணிக்கு அந்த அம்மாள் தற்செயலாக வந்தார். திரையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். “இதுதான் எங்கள் அம்மா” என்றார். அவர் தாயாரைக் கண்டறியாதவர். எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரலில் சந்தேகத்தின் சாயை சிறிதும் இல்லை.

அவர் வீடு திரும்பிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தாங்கிக்கொள்ள வேண்டிய யு.பி.எஸ். என்னும் பெட்டி ஒரு முறை முனகிவிட்டு அதுவும் அணைந்தது. அதன் பாட்டரி தளர்ந்துபோய் மாதங்கள் ஆகியிருந்தன. மாற்ற வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கும் அதே வயது. மின்சாரம் வந்தபின் படத்தைத் திறந்தேன். திரைச்சீலை இருந்தது. மாலை இருந்தது. கண் இல்லை. முந்தின நாள் இரவு சேமித்த நிலையில் படம் நின்றது.

இதில் என் குற்றத்தை மறைக்க விரும்பவில்லை. நான் கையாண்ட மென்பொருளில் தானாகச் சேமிக்கும் ஏற்பாடு இருந்தது. அதை நிறுத்தி வைத்திருந்தவன் நானே. பெரிய படங்களைத் திருத்தும்போது அது இடையிடையே இயந்திரத்தைச் சற்று மந்தப்படுத்துவதாக எனக்குத் தோன்றியது. அந்தச் சில விநாடி எரிச்சலுக்காகக் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கண்ணெதிரே திரையில் நின்ற படம் விளக்கணைந்தவுடன் எங்கே போயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். கணிப்பொறியில் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று வேலை செய்யும் மேசை போன்றது. மற்றொன்று பெட்டகம் போன்றது. நாம் திருத்திக்கொண்டிருக்கும் படம் மேசையின்மீது இருக்கிறது. அந்த மேசைக்கு நினைவகம் என்று பெயர். இன்று வழங்கும் நினைவகத்தின் அடிப்படை அமைப்புக்கு ராபர்ட் டென்னார்டு என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1968-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதில் ஒவ்வொரு செய்தித் துணுக்கும் மிக மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் ஏற்றப்பட்ட மின்னூட்டமாக நிற்கிறது. அது ஓட்டைக் குடத்தில் நிரப்பிய நீர் போன்றது, கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பொதுவாக 64 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியில் சுமார் பதினாறில் ஒரு பங்கு நேரத்துக்குள், எல்லாக் குடங்களையும் மறுபடி நிரப்பியாக வேண்டும். இந்தத் தொண்டை இயந்திரம் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. மின்சாரம் நின்றால் நிரப்புவார் இல்லை, குடங்கள் வற்றுகின்றன. பெட்டகமாகிய வட்டோ அப்படியன்று. அங்கே ஒரு முறை எழுதப்பட்டது மின்சாரம் போனாலும் நிற்கும். ‘சேமி’ என்று நாம் இடும் கட்டளைக்குப் பொருள் இவ்வளவுதான்: மேசைமேல் இருப்பதைப் பிரதி செய்து பெட்டகத்தில் வை.

இது இவ்வளவு எளிதானால், ஒவ்வொரு கணமும் இயந்திரமே அதைச் செய்துவிடலாகாதா? எழுத்து வேலையில் அது வெகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட குனு ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் திருத்தி, இத்தனை விசைகளைத் தட்டியாயிற்று என்று எண்ணி, முந்நூறு ஆனதும் வேறொரு கோப்பில் தானாகவே ஒரு பிரதி எழுதி வைக்கும். தட்டுகிறவர் சற்று ஓய்ந்திருந்தாலும் அந்த ஓய்வில் எழுதி வைக்கும். ஆனால் படத்தின் கதை வேறு. அது எவ்வளவு வேறு என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன்.

ஒரு பக்கத் தமிழ் எழுத்தைச் சேமிக்கச் சில ஆயிரம் பைட்டு அளவு இடம் போதும். இப்போது ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் 6000 புள்ளிகள், உயரத்தில் 4000 புள்ளிகள். பெருக்கினால் இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்காக மூன்று பைட்டு வேண்டும். ஆக ஏழு கோடியே இருபது லட்சம் பைட்டு. இது ஒரு அடுக்குக்கு. படம் திருத்துவோர் கறை நீக்கியதை ஒரு அடுக்கிலும், கண்ணை ஒரு அடுக்கிலும், நிழலை ஒரு அடுக்கிலுமாக, கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதுபோல வைத்து வேலை செய்வார்கள். முழு அளவில் பத்து அடுக்குகள் இருந்தால் எழுபத்திரண்டு கோடி பைட்டு. இதைச் சுருக்கி எழுதும் உபாயங்கள் உண்டு; சுருக்குவதற்கும் நேரம் ஆகும். சுழலும் வட்டில் விநாடிக்குப் பத்துக் கோடி பைட்டு வீதம் எழுதினாலும் ஏழு விநாடிக்கு மேல் பிடிக்கும். அந்த ஏழு விநாடியும் தூரிகை கையில் உறைந்து நின்றால் எவர் பொறுப்பார்?

ஆகவேதான் படத் திருத்திகளில் இந்த வசதி பிந்தி வந்தது. இத்துறையில் பேர்போன போட்டோஷாப்பின் வரலாறே இதற்குச் சான்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நால், தம் சகோதரர் ஜான் நாலுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். அடோபி நிறுவனம் 1990-ஆம் ஆண்டில் அதன் முதற் பதிப்பை வெளியிட்டது. அடுக்குகளாக வேலை செய்யும் வசதி 1994-இல் வந்தது. செய்த செயல்களைப் படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று மாற்றும் வசதி 1998-இல் வந்தது. தானாகச் சேமித்துக்கொள்ளும் வசதியோ 2012-ஆம் ஆண்டில் சி.எஸ். 6 என்ற பதிப்பில்தான் வந்தது. முதற் பதிப்புக்கும் இதற்கும் இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள்! அந்தப் பதிப்பிலேதான், நாம் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கையில் திரைக்குப் பின்னே சேமிப்பு நடக்கும் ஏற்பாடும் கூடவே வந்தது என்பது கவனிக்கத் தக்கது. பின்புறத்தில் எழுத வழி கண்ட பிறகே, நம்மைக் கேளாமல் எழுதும் துணிவு இயந்திரத்துக்கு வந்தது போலும்.

அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நலம். இடைவெளி பத்து நிமிடம் என்று முதலில் வைக்கப்பட்டிருக்கும். ஐந்து நிமிடமாகக் குறைக்கலாம். ஒரு மணி நேரம் வரை கூட்டவும் செய்யலாம். ஒவ்வொரு இடைவெளியிலும் நம்முடைய படத்தை இயந்திரம் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைக்கிறது. நம் கோப்பின்மேல் கை வைப்பதில்லை. இயந்திரம் எதிர்பாராமல் நின்று, மறுபடி நாம் மென்பொருளைத் திறந்தால், “உங்கள் படத்தை மீட்டு வைத்திருக்கிறேன்” என்று சொல்வதுபோல அந்தப் பிரதி நம்முன் வந்து நிற்கும். நான் மட்டும் அன்று இத்தகைய ஏற்பாட்டை நிறுத்தாதிருந்தால், மிஞ்சிப் போனால் பத்து நிமிட வேலையை இழந்திருப்பேன். கண் இருந்திருக்கும், ஓர் இமை மயிர் குறைந்திருக்கலாம்.

இதே காவலை வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு விதமாகச் செய்கின்றன. ஓவியர்களிடையே செல்வாக்குப் பெற்ற கிரித்தா என்னும் இலவச மென்பொருள், குறித்த இடைவெளியில் மறைவான கோப்பு ஒன்றில் பிரதி எழுதுகிறது. பெர்க்லி நகரத்து மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இருவர் 1995-இல் தொடங்கிய கிம்ப் என்னும் மற்றோர் இலவச மென்பொருளில், குறித்த இடைவெளியில் சேமிக்கும் ஏற்பாடு நெடுங்காலம் இயல்பாக அமைந்திருக்கவில்லை. வேண்டியவர்கள் துணை நிரல்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் வேறொரு வகைக் காவல் வந்தது. மென்பொருள் ஏதேனும் பிழையால் விழப்போகும் தறுவாயில், கையில் இருப்பதை அவசரமாக எழுதி வைக்க முயலும்; மறுமுறை திறக்கும்போது அதை மீட்டுத் தரவா என்று கேட்கும்.

இவ்விரண்டு வகைக்கும் உள்ள வேற்றுமையை நேயர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நோயால் இறப்பவனுக்கு உயில் எழுத நேரம் உண்டு. இடி விழுந்து இறப்பவனுக்கு இல்லை. மென்பொருள் தன் பிழையால் விழும்போது கடைசி மூச்சில் எதையாவது எழுதலாம். மின்சாரம் அறுபடும்போது எழுதக் கை ஏது, பேனா ஏது? அதற்கு முன்கூட்டியே, எதுவும் நேராத நல்ல வேளையிலேயே, எழுதி வைத்த பிரதிதான் உதவும். உங்கள் மென்பொருளில் இருப்பது எந்த வகைக் காவல் என்பதை ஒரு முறை அமைப்புப் பகுதிக்குச் சென்று பார்த்துவிடுங்கள். இந்தப் பேச்சைக் கேட்டதன் பயனாக அந்த ஒன்றைச் செய்தாலும் எனக்குத் திருப்தி.

ஆனால் இவ்வளவு புகழ்ந்த பிறகு, தானியங்கிச் சேமிப்பு என்பது சர்வரோக நிவாரணி என்று யாரும் எண்ணிவிடலாகாது. அது இயந்திரத்தின் மரணத்திலிருந்து நம்மைக் காக்கும். நம்மிடமிருந்து நம்மைக் காக்காது. வேலை முடிந்து மென்பொருளை மூடும்போது, “மாற்றங்களைச் சேமிக்கட்டுமா?” என்று அது கேட்கிறது. தூக்கக் கலக்கத்தில் ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிடுகிறோம். எஜமானரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று எண்ணி, மீட்புப் பிரதியையும் அது துடைத்துவிடும். விபத்துக்கென்று வைத்த பிரதி, விபத்து இல்லை என்றானதும் போய்விடுகிறது. அது வேலைக்காரன் விசுவாசத்தின் குறையன்று. நம் சொல்லை அவன் மிகவும் நம்பியதன் விளைவு.

இன்னொரு பக்கமும் உண்டு. சில ஏற்பாடுகளில் தானியங்கிச் சேமிப்பு தனிப் பிரதியில் எழுதாமல், நம்முடைய மூலக் கோப்பின்மீதே எழுதுகிறது. அப்போது நல்லதைப் போலவே கெட்டதும் உடனுக்குடன் நிலைபெற்றுவிடும். ஒரு குடும்பப் படத்தைத் திறந்து, விளையாட்டாக ஓரத்தை வெட்டிப் பார்க்கிறோம். வெட்டிய ஓரத்தில் தாத்தா நிற்கிறார். மறதியாக மூடிவிட்டால் தாத்தா போனவர் போனவரே. ஆப்பிள் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் தன் கணிப்பொறிகளில் தானாகச் சேமிக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, பழைய நிலைகளை வரிசையாக வைத்திருந்து திரும்பிப் பார்க்க உதவும் ஏற்பாட்டையும் உடன் சேர்த்தே கொண்டுவந்தது. அந்த இரண்டாவது இல்லாமல் முதலாவது ஆபத்து என்பதை அதைச் செய்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நமக்கு அந்த வசதி இல்லாவிட்டாலும் கையாலே அதைச் செய்துகொள்ளலாம். படத்தைச் சேமிக்கும்போதெல்லாம் பெயரோடு ஓர் எண்ணைச் சேருங்கள். கலியாணம் ஒன்று, கலியாணம் இரண்டு, கலியாணம் மூன்று என்று போகட்டும். கிரித்தாவில் இப்படி எண்ணிட்டுச் சேமிப்பதற்கென்றே தனிக் கட்டளை உண்டு. மூன்றாவதில் கெடுத்துக்கொண்டால் இரண்டாவதற்குத் திரும்பலாம். ஸ்கேனரிலிருந்து வந்த மூலப் படத்தையோ எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. அதன் பிரதியின்மீதே வேலை செய்ய வேண்டும். வேலை நடக்கும் காலத்தில் ஜேபெக் என்னும் வடிவத்தில் சேமிப்பதும் தகாது. 1992-இல் தரப்படுத்தப்பட்ட அந்த வடிவம் இடத்தைச் சிக்கனப்படுத்தப் படத்தின் நுட்பங்களில் சிலவற்றைக் கைவிட்டுவிடுகிறது. அடுக்குகளையெல்லாம் ஒன்றாக அமுக்கியும் விடுகிறது. திறந்து திருத்தி மீண்டும் சேமிக்குந்தோறும் படம் தேய்ந்துகொண்டே வரும். மென்பொருளின் சொந்த வடிவத்தில் வைத்திருந்து, எல்லாம் முடிந்து பிறர் கையில் கொடுக்கும்போது மட்டும் ஜேபெக்காக ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தும் மிஞ்சியிருக்கும் ஓர் அபாயம், எல்லாப் பிரதிகளும் ஒரே பெட்டகத்தில் இருப்பது. இதை விளக்க உலகப் புகழ் பெற்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவில் பிக்சார் என்னும் நிறுவனத்தார், 1999-இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி 2’ என்ற கணிப்பொறிச் சித்திரப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின ஆண்டில் ஒரு நாள், யாரோ தவறிக் கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால், அந்தப் படத்தின் கோப்புகள் திரையில் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. விஷயத்தை உணர்ந்து இயந்திரத்தை நிறுத்துவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. பரவாயில்லை, காப்புப் பிரதி இருக்கிறதே என்று அதைத் தேடினார்கள். அந்த ஏற்பாடு சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கவனியுங்கள்: ஏற்பாடு இருந்தது, அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை.

அப்போது கேலின் சஸ்மன் என்ற அம்மையாருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் அந்தப் படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்தவர். அதற்காகப் படத்தின் கோப்புகள் அவர் வீட்டுக் கணிப்பொறியில் பிரதியாகி வந்திருந்தன. அந்தக் கணிப்பொறியைக் கைக்குழந்தையைப் போலப் போர்வையில் பொதிந்து, காரில் ஏற்றி, பதனமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். படம் பிழைத்தது. கதை நன்றாக வரவேண்டும் என்று பிறகு அந்தப் படத்தின் பெரும்பகுதியை அவர்கள் தாமே மாற்றி அமைத்தார்கள் என்பது வேறு விஷயம். தாமாக மாற்றுவதற்கும், பறிகொடுத்துவிட்டு நிற்பதற்கும் எவ்வளவு தூரம்!

அந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு என் தாயார் நினைவே வந்தது. ஒரு பெரிய நிறுவனம் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு உறைமோருக்குப் போயிற்று. நல்லவேளையாக அங்கே இருந்தது. கிண்ணத்தில் தனியே எடுத்து வைப்பது ஒரு காவல். அடுத்த வீட்டில் இருப்பது இன்னொரு காவல். முதலாவதை இயந்திரம் தானே செய்துவிடும், நாம் அதைத் தடுக்காதிருந்தால். இரண்டாவதை நாம்தான் செய்ய வேண்டும். வேறொரு வட்டில் பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வைக்கலாம். இணையத்தின் வழியே தொலைவில் உள்ள சேமிப்பிடத்துக்கு அனுப்பி வைக்கலாம். எப்படி வைத்தாலும் மாதம் ஒரு முறை அந்தப் பிரதியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். திறந்து பாராத பிரதி இருந்தும் இல்லாததே.

நானும் இப்போது திருந்திவிட்டேன். பாட்டரியை மாற்றினேன். தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு வைத்திருக்கிறேன். அது வேலையைச் சற்று மந்தப்படுத்தும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை. யாரோ எனக்காக எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆறுதலாகவே இருக்கிறது. ஆயினும் அதை மட்டும் நம்புவதில்லை. மனத்துக்கு நிறைவாக ஒன்று அமைந்த கணத்தில், அது ஒரு புருவமாயினும் ஒரு நிழலாயினும், இடக்கை தானாகவே சேமிக்கும் விசைகளைத் தேடிப் போய்விடுகிறது. ஐந்து நிமிடம் என்பது இயந்திரத்தின் கணக்கு. எந்தக் கணம் அருமையானது என்பது அதற்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

அந்தக் கலியாணப் படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாளே மறுபடி உட்கார்ந்தேன். வலக் கண்ணும் அதே கண், நிழலும் அதே நிழல், செய்கிறவனும் நானேதான். முன்னைவிட வேகமாகவே வேலை நடந்தது. வழி தெரிந்திருந்தது அல்லவா? கண் நன்றாகவே அமைந்தது. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். படத்தை அச்சிட்டுச் சட்டமிட்டு அந்த அம்மாளிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். முதல் நாள் இரவு நடந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

“நன்றாக இருக்கிறது அண்ணா” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நன்றி சொன்னார், பழங்கள் கொண்டுவந்து கொடுத்தார், படத்தைக் கூடத்தில் மாட்டிப் பூவும் சாத்தினார். குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் “இதுதான் எங்கள் அம்மா” என்று மட்டும் அவர் மறுபடி சொல்லவில்லை. நேயர்களே, நான்கு மணி நேரத்தை இழந்தேன் என்று அன்றிரவு வருந்தினேன். நேரத்தை மறுநாள் திரும்பச் செலுத்திவிட்டேன். அந்த நான்கு மணி நேரத்தில் என் கை எடுத்த நூற்றுக்கணக்கான சிறு சிறு முடிவுகள், இங்கே சற்று இருட்டு, அங்கே சற்று வெளிச்சம் என்று எடுத்தவை, அவைதாம் திரும்பவில்லை. அவற்றை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எனக்கே அவை நினைவில் இல்லை. அந்தப் படத்தில் மட்டுமே அவை இருந்தன.

அந்த வீட்டைக் கடந்து போகும்போது கூடத்துப் படம் சில சமயம் கண்ணில் படும். நல்ல படந்தான். வீட்டுக்கு வந்ததும் கணிப்பொறியைத் திறந்து, அன்றன்றைய பிரதி சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.